சக்சஸ், ஃபெயிலியர், அதுக்கு நடுவுல இருக்கற நூறு விஷயம்: இங்கிலீஷ் கிளாஸ்ல இந்த டாபிக்கை எடுக்க முழுமையான வழிகாட்டி

இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கறவங்க யாரா இருந்தாலும் ஒருநாள் இந்த டாபிக்குக்கு வந்துதான் ஆகணும். புக்குல ஒரு பாடம் இருக்கும், ஸ்பீக்கிங் டெஸ்ட்ல வரும், இன்டர்வியூல "உங்க தோல்வி ஒண்ணை சொல்லுங்க"ன்னு கேப்பாங்க. ஆனா கிளாஸ்ல என்ன நடக்குதுன்னா, போர்டுல சக்சஸ், ஃபெயிலியர்னு ரெண்டு வார்த்தை எழுதறோம், யாராவது எழுந்து தோல்விதான் வெற்றிக்கு முதல் படின்னு இங்கிலீஷ்ல மனப்பாடமா ஒப்பிக்கறாங்க, மத்தவங்க தலையாட்டறாங்க, அதோட பேச்சு நின்னுபோயிடுது. அந்த வரிக்கு மேல சொல்ல யாருக்கும் எதுவும் இருக்காது.

ரொம்ப நாள் எனக்கும் இப்படித்தான் போச்சு, காரணம் பின்னாடிதான் புரிஞ்சுது. நமக்கு நடக்கறதுல முக்கால்வாசி முழு வெற்றியும் இல்ல முழு தோல்வியும் இல்ல, பாதி முடிஞ்சது, லேட்டா முடிஞ்சது, முடிச்சும் மனசு நிறையாதது, மயிரிழையில தப்பிச்சது, சுமாரா போனது, இப்படித்தான் இருக்கு. இதுக்கெல்லாம் தமிழ்ல வார்த்தை கொட்டிக்கிடக்கு, இங்கிலீஷ்ல அவங்க கையில இருக்கறது ரெண்டே ரெண்டு. அதனாலதான் ஸ்லோகன் சொல்லிட்டு உக்காந்துடறாங்க. நடுவுல இருக்கற வார்த்தைங்களை கையில குடுத்துட்டா பேச்சு தானா வரும், இந்த வழிகாட்டி முழுக்க அந்த வேலையைப் பத்தித்தான்.

கிளாஸுக்கு முன்னாடி

நடந்த ஒரு விஷயத்தை பாஸ்ட் டென்ஸ்ல அஞ்சாறு வாக்கியத்துல சொல்லத் தெரிஞ்சவங்களுக்கு இது சரியா இருக்கும், ஐரோப்பிய மொழி லெவல் கணக்குல நடுத்தரமான பி1ல இருந்து மேல. ஒண்ணரை மணி நேர கிளாஸ் ரெண்டு வேணும், ஒரு மணி நேரம்னா மூணு. ஒரே கிளாஸ்ல முடிச்சிடலாம்னு நினைக்காதீங்க, ரெண்டு கிளாஸுக்கும் நடுவுல வர்ற ராத்திரி ரொம்ப முக்கியம், வார்த்தை மறந்து திரும்ப ஞாபகம் வரும்போதுதான் மனசுல ஒட்டும்.

வார்த்தை எண்ணிக்கையில பேராசை வேண்டாம். புது வார்த்தை ஒரு கிளாஸுக்கு பத்து பன்னெண்டு போதும். நாப்பது வார்த்தை பிரின்ட் எடுத்து குடுத்தா ஃபைலுக்குள்ள போயிடும், வாய்க்கு வராது.

முதல் படி: ஒரு வட்டம் போடச் சொல்லுங்க

பொன்மொழியோட ஆரம்பிக்காதீங்க. பெரிய மனுஷங்க சொன்னதா சுத்தற வரிங்கள்ல பாதி அவங்க சொன்னதே கிடையாது, பல்பு செய்யப்போய் எடிசன் எத்தனை தடவை தோத்தார்ங்கற கதையையே எடுத்துக்கோங்க, ஒருத்தர் ஆயிரம்பார், இன்னொருத்தர் பத்தாயிரம்பார். அதை விட்டுட்டு எல்லாருக்கும் ஒரு வெள்ளைத்தாள் குடுங்க. பத்து செகண்ட்ல கையால ஒரு வட்டம், காம்பஸ் இல்லாம, அழிக்காம. நீங்களும் போர்டுல போடுங்க.

யாருக்கும் சரியா வராது, அதுதான் நமக்கு வேணும். பக்கத்துல இருக்கறவரோட தாளை மாத்திக்கிட்டு அந்த வட்டத்தைப் பத்தி மூணு வாக்கியம் சொல்லச் சொல்லுங்க. முதல்ல "நாட் பெர்ஃபெக்ட்"னு மட்டும் வரும். எப்படி நாட் பெர்ஃபெக்ட்னு கேளுங்க. அப்பதான் வார்த்தை தேவைப்படும், தேவைப்படற அந்த நேரத்துல குடுங்க: கோணலா இருந்தா "லாப்சைடட்", நடுங்கின கோடுன்னா "வாப்ளி", ஒரு பக்கம் ஒரு மாதிரி இன்னொரு பக்கம் வேற மாதிரின்னா "அனீவன்", ஆரம்பமும் முடிவும் ஒட்டலைன்னா "த எண்ட்ஸ் டோன்ட் மீட்". கிட்டத்தட்ட வட்டம்தான்னா "ஆல்மோஸ்ட் ரவுண்ட்". வேலைக்கு ஆகும், இது போதும்னா "குட் இனஃப்".

இதுல ஒரு பெரிய நன்மை இருக்கு. இம்பெர்ஃபெக்ஷன்ங்கற விஷயத்தை யாரோட மனசையும் தொடாம பேசிட்டோம். வட்டம் கோணலா வந்ததுக்கு யாரும் வெக்கப்பட மாட்டாங்க, ஆனா குறையைப் பத்தி பேசற மொழி வாய்க்கு வந்தாச்சு.

ரெண்டாவது படி: ஏணி

போர்டுல மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு நீள கோடு. கீழ் முனையில "டிஸாஸ்டர்", மேல் முனையில "ட்ரையம்ஃப்". மத்த வார்த்தைங்களை துண்டுச்சீட்டுல எழுதி குரூப் குரூப்பா குடுத்துடுங்க, எது எங்க நிக்கணும்னு அவங்க முடிவு பண்ணட்டும்: ஃப்ளாப், ஃபெயிலியர், செட்பேக், நியர் மிஸ், மிக்ஸ்ட் ரிசல்ட்ஸ், பார்ஷியல் சக்சஸ், குட் இனஃப், டீசன்ட், சக்சஸ், ஃப்ளாலெஸ்.

சரியான விடைன்னு ஒண்ணு கிடையாதுன்னு முதல்லயே சொல்லிடுங்க, ஏன்னா இதுல சண்டை வரணும். "குட் இனஃப்" மேலயா "டீசன்ட்" மேலயான்னு ரெண்டு பேர் பத்து நிமிஷம் வாதாடறதை பார்த்திருக்கேன், அந்த பத்து நிமிஷமும் இங்கிலீஷ்லதான் பேசினாங்க. "நியர் மிஸ்" இன்னும் நல்லா சண்டை மூட்டும். குறி பக்கத்துல வந்து தப்பிப்போச்சுன்னா அது வருத்தம், ரெண்டு விமானம் மோதற மாதிரி வந்து மோதாம போனா அதுவும் நியர் மிஸ்தான், ஆனா அது நிம்மதி. ஒரே வார்த்தை ஏணியில ரெண்டு இடத்துல நிக்கும்.

"செட்பேக்" வரும்போது கொஞ்சம் நில்லுங்க. போற வழியில வந்த தடங்கல், பயணம் இன்னும் முடியலைங்கற அர்த்தம் அதுக்குள்ளயே இருக்கு. இதை "ட்ராபேக்"கோட குழப்பிக்குவாங்க. ட்ராபேக்னா ஒரு பொருள்லயோ திட்டத்துலயோ எப்பவும் கூடவே இருக்கற பாதகம், செட்பேக் ஒருநாள் நடந்த சம்பவம்.

"குவாலிஃபைட் சக்சஸ்"னு ஒண்ணு இருக்கு, நல்லா படிச்சவங்களே இதுல விழுவாங்க. தகுதியுள்ள வெற்றின்னு அர்த்தம் எடுத்துப்பாங்க. வெற்றிதான், ஆனா சில ஆனால்களோடன்னு அர்த்தம்.

இதைவிட முக்கியமா, "பேர்லி"யும் "நியர்லி"யும். "ஐ பேர்லி பாஸ்ட்"னா பாஸ் ஆயாச்சு, கரணம் தப்பினா மரணம்ங்கற மாதிரி. "ஐ நியர்லி பாஸ்ட்"னா பாஸ் ஆகல. நாம பேச்சுல சொல்ற "ஜஸ்ட் பாஸ்", "ஜஸ்ட் மிஸ்" ரெண்டையும் வெச்சு சொன்னா டக்குனு புரியும்: ஜஸ்ட் பாஸ்னா பேர்லி, ஜஸ்ட் மிஸ்னா நியர்லி. அப்படியே கொஞ்சம் பயிற்சி குடுங்க. "ஷீ நியர்லி ஃபெல்", விழுந்தாளா இல்லையா? "ஹி பேர்லி ஸ்லெப்ட்", தூங்கினானா இல்லையா? ரெண்டாவதுக்கு கிளாஸ் ரெண்டா பிரியும், பிரியட்டும். தூங்கினான், ஆனா தூக்கம்னு சொல்ற அளவுக்கு இல்ல.

மூணாவது படி: தமிழ்ல யோசிக்கறதால வர்ற தப்புங்க

அதிகமா நேரம் ஒதுக்க வேண்டிய இடம் இதுதான். வேற நாட்டுல அச்சடிச்ச புக்குல இதெல்லாம் இருக்காது, ஏன்னா அந்த புக்கு தமிழ் பேசறவங்களை நினைச்சு எழுதினது இல்ல.

முதல் பிரச்சனை "ஆகு". "நான் ஃபெயில் ஆயிட்டேன்", "ப்ராஜெக்ட் சக்சஸ் ஆயிடுச்சு"ன்னு தமிழ்ல சரளமா சொல்றோம், தமிழ் அந்த இங்கிலீஷ் வார்த்தையை எடுத்து தன்னோட வினையை ஒட்ட வெச்சிடுச்சு. அதையே திருப்பும்போது "ஐ பிகேம் ஃபெயில்", "ஐ காட் ஃபெயில்ட்", "இட் இஸ் சக்சஸ்"னு வருது. ஃபெயில்ங்கறதே வினைதான், ஆகு தேவையில்ல: "ஐ ஃபெயில்ட்". டெஸ்ட்ல ஃபெயில்னா நடுவுல "இன்" வேண்டாம்: "ஐ ஃபெயில்ட் த டெஸ்ட்". சக்சஸ் பெயர்ச்சொல், அதோட வினை "சக்ஸீட்". ஒரு குறிப்பிட்ட விஷயம் வெற்றின்னா முன்னாடி "எ" வேணும், "இட் வாஸ் எ சக்சஸ்", பொதுவா வெற்றியைப் பத்தி பேசும்போது அந்த "எ" வராது. ஃபெயிலியருக்கும் இதே கணக்கு. ஆனா ஒரு ஆளைப் பார்த்து "யூ ஆர் எ ஃபெயிலியர்"னா நீயே ஒரு தோல்வின்னு ஆயிடும், ரொம்ப கொடுமையான வார்த்தை. தோத்தது அவர் பண்ணின வேலைதான், அவரையே தோல்வின்னு சொல்றது வேறங்கறதை இலக்கணமாவே சொல்லிக்குடுக்க இது நல்ல இடம், தயவுசெஞ்சு விட்டுடாதீங்க.

உச்சரிப்பையும் இங்கயே முடிச்சிடுங்க. சக்சஸ்ல அழுத்தம் ரெண்டாவது பாதியில. முதல் பாதியை அழுத்திதான் நம்மள்ல பல பேர் சொல்றோம்.

அடுத்து, பின்னாடி என்ன வருதுங்கறது. "சக்ஸீட் இன் ஃபைண்டிங்", "மேனேஜ் டு ஃபைண்ட்", "ஃபெயில் டு ஃபைண்ட்". சக்ஸீடுக்கு மட்டும் "இன்" போட்டு ஐஎன்ஜி, மத்த ரெண்டுக்கும் "டு". "சக்ஸீடட் டு ஃபைண்ட்"னு கட்டாயம் வரும், எதிர்பார்த்து காத்திருங்க. மூணுலயும் வாயில புழங்க வைக்க வேண்டியது "மேனேஜ் டு"தான், அன்றாட பேச்சுல சக்ஸீடை விட இயல்பா இருக்கும், எப்படியோ கஷ்டப்பட்டு முடிச்சிட்டேன்ங்கற தொனியும் வந்துடும். "ஐ குட் பாஸ் த டெஸ்ட் லாஸ்ட் வீக்"னு வந்தா "ஐ மேனேஜ்ட் டு பாஸ்"னு மாத்துங்க. பொதுவா இருந்த திறமைக்குத்தான் இந்த குட், அதாவது "கேன்"ங்கறதோட பாஸ்ட், வரும், ஒரு தடவை நடந்து முடிஞ்சதுக்கு வராது. ஆனா முடியலைன்னு சொல்ல "குடின்ட்" தாராளமா வரும், இதையும் சேர்த்தே சொல்லிடுங்க, இல்லன்னா பயந்து அதையும் விட்டுடுவாங்க.

தப்பு பண்றது. "டூ எ மிஸ்டேக்" கிடையாது, "மேக் எ மிஸ்டேக்". இது எல்லாருக்கும் தெரியும், ஆனா பேசும்போது வராது, பத்து தடவை சொன்னா பதினோராவது தடவை வரும். ஆனா இங்க ஒரு ருசியான விஷயம் இருக்கு. தமிழ்ல தெரியாம செஞ்சா தவறு, தெரிஞ்சே செஞ்சா தப்புன்னு பிரிச்சு சொல்வாங்கல்ல, அதை வெச்சே கிளாஸ்ல கேளுங்க, இங்கிலீஷ்ல இதை எப்படி பிரிப்பீங்கன்னு. தெரியாம நடந்தது "மிஸ்டேக்", வாய் தவறி கை தவறி நடந்தது "ஸ்லிப்", பெருசா கோட்டை விட்டது "பிளண்டர்". தெரிஞ்சே செஞ்சதுக்கு மிஸ்டேக் சரியா பொருந்தாது, "ஐ டிட் சம்திங் ராங்"னு போகணும். அப்புறம் "ஃபால்ட்". "இட்ஸ் மை ஃபால்ட்"னா பொறுப்பு என் மேலங்கறது, "இட்ஸ் மை மிஸ்டேக்"னா தப்பு செஞ்சது நான்ங்கறது. பல நேரம் ரெண்டும் ஒண்ணாதான் இருக்கும், ஆனா எப்பவும் இல்ல.

இதைப் பேச வைக்க நல்ல உதாரணம் மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டர். 1999ல செவ்வாய்க்கிட்ட போய் நாசா இழந்த விண்கலம் அது. ஒரு மென்பொருள் பவுண்ட் அளவுல கணக்கு குடுத்துச்சு, அதை வாங்கின பக்கம் மெட்ரிக் அளவுன்னு எடுத்துக்கிச்சு. இதுல மிஸ்டேக் யாரோடது? ஃபால்ட் யாரோடது, அளவு மாத்தி குடுத்தவங்களோடதா, கடைசி வரைக்கும் சரிபார்க்காம விட்டவங்களோடதா? இந்த ரெண்டு கேள்விக்கும் வேற வேற பதில் வரும்போது வார்த்தைங்களோட வித்தியாசம் தானா பதிஞ்சிடும்.

குறைக்கான வார்த்தைங்க. தமிழ்ல குறை, பிழை, பழுது, கோளாறுன்னு எத்தனை இருக்கோ அதே மாதிரி அங்கயும் இருக்கு. பொருள் தயாரிப்புல வந்த பழுது "டிஃபெக்ட்". திட்டத்துலயோ வாதத்துலயோ ஒருத்தர் குணத்துலயோ உள்ளோடி இருக்கற ஓட்டை "ஃப்ளா". தேவைப்பட்ட அளவுக்கு எட்டாம போறது "ஷார்ட்கமிங்". மெஷின் ஓடும்போது வர்ற கோளாறு "மால்ஃபங்க்ஷன்". நாலும் போதும்.

"இன்னும்". இந்த டாபிக்ல ரொம்ப தேவைப்படற சொல், ரொம்ப தப்பா வர்றதும் இதுதான். நமக்கு "இன்னும் இருக்கு", "இன்னும் வரல" ரெண்டுக்கும் ஒரே சொல். அங்க முதலாவது "ஸ்டில்", ரெண்டாவதுக்கு பெரும்பாலும் "யெட்". அதனால "ஸ்டில் ஐ டிட்ன்ட் ஃபினிஷ்"னு சொல்றாங்க, வேணுங்கறது "ஐ ஹாவன்ட் ஃபினிஷ்ட் யெட்". "ஐ கான்ட் டூ இட்"ங்கறதுக்கும் "ஐ கான்ட் டூ இட் யெட்"ங்கறதுக்கும் இருக்கற வித்தியாசத்தை மனப்பான்மையைப் பத்தி பேசறவங்க எல்லாரும் சொல்றாங்க, ஆனா தமிழ் பேசறவங்களுக்கு இது புதுசே இல்ல, "எனக்கு வராது"ன்னும் "எனக்கு இன்னும் வரல"ன்னும் தினம் சொல்லிக்கிட்டுதான் இருக்கோம். அந்த ஜோடியைக் காட்டி சொல்லிக்குடுங்க, உடனே பிடிச்சுக்குவாங்க.

"பெர்ஃபெக்ட்" பத்தி சுருக்கமா. பெயரடையா வந்தா அழுத்தம் முன்னாடி, செம்மைப்படுத்துன்னு வினையா வந்தா அழுத்தம் பின்னாடி. "வெரி பெர்ஃபெக்ட்"னு சொல்றதில்ல, "ஆல்மோஸ்ட் பெர்ஃபெக்ட்", "ஃபார் ஃப்ரம் பெர்ஃபெக்ட்"னு சொல்லலாம். லத்தீன்ல முழுசா செஞ்சு முடிச்சதுங்கற அர்த்தத்துல இருந்து வந்த சொல் இது, டிஃபெக்டும் எஃபெக்டும் இதோட ஒண்ணுவிட்ட உறவு, மூணுக்குள்ளயும் செய்ங்கற வேர் ஒளிஞ்சிருக்கு. கொஞ்சம் முன்னேறின ஸ்டூடெண்ட்ஸுக்கு இது ரொம்ப பிடிக்கும்.

பேச்சு வினைங்க ஆறு மட்டும் எடுத்துக்கோங்க: "புல் ஆஃப்" (முடியாதுன்னு நினைச்சதை சாதிச்சுக்காட்டறது), "ஃபால் த்ரூ" (திட்டம் நடக்காமலே போறது), "ஃபால் ஷார்ட்" (எட்டாம போறது), "மெஸ் அப்" (சொதப்பறது), "வொர்க் அவுட்" (சரியா அமையறது), "பே ஆஃப்" (உழைச்சதுக்கு பலன் கிடைக்கறது). மெஸ் அப் நண்பர்கள்கிட்ட ஓகே, இன்டர்வியூல வேண்டாம்.

நாலாவது படி: ஏணியில நிக்காத கதைங்க

வெற்றியா தோல்வியான்னு உடனே சொல்ல முடியாத உண்மைச் சம்பவமா பார்த்து எடுங்க. கஷ்டப்பட்டார், ஜெயிச்சார்ங்கற கதையில பேச எதுவும் கிடையாது, முடிவு ஆரம்பத்துலயே தெரிஞ்சிடும். நான் திரும்பத் திரும்ப எடுக்கறது இந்த நாலும்.

வாசாங்கற ஸ்வீடன் போர்க்கப்பல். 1628 ஆகஸ்ட் 10ம் தேதி ஸ்டாக்ஹோம்ல முதல் பயணம் கிளம்பி சுமார் 1,300 மீட்டர் போனதுமே காத்துல சாஞ்சு மூழ்கிடுச்சு. மேல் பாரம் ஜாஸ்தி. கிளம்பறதுக்கு முன்னாடி ஆளுங்களை மேல்தளத்துல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டு சோதிச்சப்பவே கப்பல் பயங்கரமா ஆடி, சோதனையை பாதியில நிறுத்தியிருக்காங்க, இருந்தும் அனுப்பினாங்க. விசாரணை நடந்துச்சு, யாருக்கும் தண்டனை இல்ல. 1961ல அதை வெளிய எடுத்தாங்க, 1990ல இருந்து அதுக்குன்னே தனி மியூசியம், உலகம் முழுக்க இருந்து ஜனங்க வந்து பார்க்கறாங்க. நல்லா ஓடியிருந்தா இன்னைக்கு நம்ம கண்ணுக்கு ஒரு பலகைகூட மிஞ்சியிருக்குமான்னு கேளுங்க.

அப்போலோ 13. 1970 ஏப்ரல், நிலாவுக்குப் போற வழியில ஆக்சிஜன் டாங்க் வெடிச்சிடுச்சு, இறங்க முடியல, மூணு பேரும் உயிரோட திரும்பி வந்தாங்க. இதை "சக்சஸ்ஃபுல் ஃபெயிலியர்"னே சொல்றாங்க. அந்த ரெண்டு வார்த்தையும் எப்படி ஒண்ணா நிக்குதுன்னு விளக்கச் சொல்லுங்க, "ஃபெயில்ட் டு"வும் "மேனேஜ்ட் டு"வும் ஒரே மூச்சுல வரும்: "தே ஃபெயில்ட் டு லேண்ட், பட் தே மேனேஜ்ட் டு கெட் ஹோம்".

போஸ்ட்-இட் ஒட்டுத்தாள். 3எம் கம்பெனியில ஸ்பென்சர் சில்வர் 1968ல பலமான பசை தேடப்போய் லேசா ஒட்டி லேசா உரியற பசை கிடைச்சுது. என்னத்துக்கு உதவும்னு யாருக்கும் தெரியல. 1974ல கூட வேலை செஞ்ச ஆர்ட் ஃப்ரை, பாட்டுப் புத்தகத்துல வெச்ச அடையாளச் சீட்டு விழுந்துக்கிட்டே இருக்கேன்னு இந்தப் பசையை யோசிச்சார். 1980ல அமெரிக்கா முழுக்க விற்பனைக்கு வந்துச்சு. 1968க்கும் 1974க்கும் நடுவுல அந்தப் பசையை ஏணியில எங்க வைப்பீங்க? இந்தக் கேள்விக்கு மாதிரி வேற எதுக்கும் என் கிளாஸ்ல இவ்வளவு யோசிச்சதில்ல.

இம்பெர்ஃபெக்ஷனுக்கு பைசா கோபுரம். 1173ல கட்ட ஆரம்பிச்சது, அடியில மண்ணு இளக்கம், கட்டும்போதே சாய ஆரம்பிச்சிடுச்சு. 1990ல ஆபத்துன்னு மூடி, சரிபண்ணி 2001ல திறந்தாங்க. சாய்வை சுமார் 40 சென்டிமீட்டர் குறைச்சதோட நிறுத்திட்டாங்க. முழுசா நேரா நிமித்த அவங்க ஏன் ஆசைப்படல? "ஃப்ளா", "சார்ம்", "ஃபால் டவுன்", "வொர்த் கீப்பிங்"னு வார்த்தைங்க தானா வந்து விழும்.

ஒரே கிளாஸ்ல நாலையும் எடுக்காதீங்க. ரெண்டு போதும், ஒரு குரூப்புக்கு ஒரு கதை குடுத்து இன்னொரு குரூப்புக்கு சொல்ல வைங்க.

அஞ்சாவது படி: பண்ணியிருக்கணும், பண்ணியிருந்தா

நடந்ததைப் பத்தி வருத்தப்படற இலக்கணம் இல்லாம இந்த டாபிக் முழுமையாகாது, பலர் இதைக் கஷ்டம்னு தள்ளிவைக்கறாங்க. தமிழ் வழியா போனா கஷ்டமே இல்ல. "சீக்கிரம் ஆரம்பிச்சிருக்கணும்", இதுல இருக்கற "இரு"தான் அங்க "ஹாவ்": "ஐ ஷுட் ஹாவ் ஸ்டார்டட் எர்லியர்". "ஆரம்பிச்சிருந்தா முடிச்சிருப்பேன்", ரெண்டு இடத்துலயும் இரு இருக்கு, அங்கயும் ரெண்டு இடத்துல வரும்: "இஃப் ஐ ஹாட் ஸ்டார்டட், ஐ வுட் ஹாவ் ஃபினிஷ்ட்". போர்டுல தமிழ் வாக்கியத்தை எழுதி அந்த இருவை மட்டும் சிவப்பு மார்க்கர்ல வட்டம் போடுங்க, கீழ இங்கிலீஷை எழுதி ஹாடையும் ஹாவையும் வட்டம் போடுங்க. அரை மணி நேர விளக்கத்தை விட இது வேலை செய்யும். பயிற்சிக்கு வாசா கப்பல் இருக்கவே இருக்கு, அந்த சோதனைக்கு அப்புறம் அவங்க என்ன பண்ணியிருக்கணும்?

ஆறாவது படி: பேச வைக்கறது

இங்க ஒரு விஷயத்தை மனசார சொல்லணும். ஆரம்ப காலத்துல ஒரு கிளாஸ்ல "உங்க வாழ்க்கையோட பெரிய தோல்வி என்ன"ன்னு நேரா கேட்டேன். ஒரு பொண்ணு பேச ஆரம்பிச்சு, பாதியில நிறுத்தி, குனிஞ்சு உக்காந்துட்டா. அடுத்த வாரம் வரல, அதுக்கப்புறமும் வரல. இங்கிலீஷ் பழக வந்தவங்க கிட்ட அவங்க காயத்தைக் கேக்க எனக்கு என்ன உரிமை இருந்துச்சுன்னு இன்னைக்கும் வருத்தமா இருக்கு. அதனாலதான் இந்தப் படியில சில விஷயங்களை கட்டாயம்னே சொல்றேன்.

"பெரிய", "மோசமான", "வாழ்க்கையில"ங்கற வார்த்தை கேள்வியில வரக்கூடாது. சின்னதா, சமீபமா, பொருளோட சம்பந்தப்பட்டதா கேளுங்க: போன மாசம் நீங்க சரிபண்ணப் போய் இன்னும் கெட்டுப்போன பொருள் எது? பாதியில விட்ட பழக்கம் ஒண்ணு? வழி தப்பி எங்கயோ போய் நின்னது? குட் இனஃப்னு விட்ட ஒரு வேலை, அதை விட்டது சரியா? உங்ககிட்ட இருக்கற, உடைஞ்சும் தூக்கிப்போடாத பொருள்? இதுலதான் கதை வரும்.

யாரும் எப்ப வேணும்னாலும் "ஐ'ட் ராதர் நாட் ஸே"ன்னு சொல்லலாம்னு முதல்லயே சொல்லி, அந்த வாக்கியத்தை எல்லாரையும் ஒரு தடவை சொல்ல வைங்க. சொந்தக் கதை வேண்டாம்னா தெரிஞ்சவங்க கதை சொல்லட்டும், பேர் வேண்டாம். பரீட்சை மார்க், வேலை போனது, கல்யாணம், உடம்பு, இதையெல்லாம் நீங்களா எடுக்காதீங்க, அவங்களா எடுத்தா மரியாதையா கேளுங்க, அந்த நேரத்துல இலக்கணம் திருத்தாதீங்க.

முதல் கதை நீங்க சொல்லுங்க, நிஜமா நடந்தது, ரெண்டு நிமிஷம்.

பேசறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் அமைதியா யோசிக்க விடுங்க, குறிப்பு எழுதிக்கட்டும். கேள்வி கேட்டுட்டு காத்திருக்கறதும் ஒரு வேலைதான். 1970கள்ல மேரி பட் ரோன்னு ஒரு ஆராய்ச்சியாளர் வகுப்பறைங்களை கவனிச்சப்ப, டீச்சர்ஸ் கேள்வி கேட்டுட்டு சுமார் ஒரு செகண்ட்தான் காத்திருந்தாங்க, அதை 3 செகண்ட் ஆக்கினதும் பதில்கள் நீளமாச்சு. வேற மொழியில பதில் கட்டறவங்களுக்கு அந்த மூணு செகண்ட் இன்னும் அதிகமா தேவைப்படும், மனசுக்குள்ள எண்ணுங்க.

முதல்ல ரெண்டு ரெண்டு பேரா, அப்புறம் ஜோடி மாத்தி அதே கதையை இன்னொருத்தருக்கு, மூணாவது தடவை இன்னொருத்தருக்கு. ஒவ்வொரு தடவையும் நேரத்தைக் குறைங்க: 4 நிமிஷம், 3, 2. அதே கதைங்கறதால மூணாவது தடவை வாக்கியங்க வேகமா, சுத்தமா வர்றதை அவங்களே உணருவாங்க. கேக்கறவருக்கும் வேலை குடுங்க, கதை முடிஞ்சதும் அதை ஏணியில எங்க வைக்கறதுன்னு அவர் சொல்லணும், சொன்னவர் ஒத்துக்கலாம், மறுக்கலாம். மறுக்க மூணு வாக்கியம் போர்டுலயே இருக்கட்டும்: "ஐ சீ இட் டிஃபரன்ட்லி", "இட் டிபெண்ட்ஸ் ஆன் வாட் யூ மீன் பை சக்சஸ்", "டு சம் எக்ஸ்டென்ட், எஸ்".

பேச்சு தளர்ந்தா பழமொழி எடுங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். யானைக்கும் அடி சறுக்கும். கீழ விழுந்தும் மீசையில மண் ஒட்டல. தமிழ் சுத்தமா தெரியாத ஒருத்தருக்கு இதை இங்கிலீஷ்ல விளக்கணும். ஒரு வரியில மொழிபெயர்க்கக் கூடாது, எந்த சூழ்நிலையில யாரைப் பார்த்து சொல்லுவோம்னு சொல்லணும். மீசைக்கு விளக்கம் சொல்லும்போது "ஹி ரெஃப்யூசஸ் டு அட்மிட்", "ஹி ப்ரிடெண்ட்ஸ் நத்திங் ஹாப்பண்ட்"னு அருமையான வாக்கியங்க வரும், கிளாஸும் கலகலப்பாயிடும்.

ஏழாவது படி: திருத்தறது

இம்பெர்ஃபெக்ஷனைப் பத்தி ஒருத்தர் மனசுவிட்டு பேசும்போது நடுவுல புகுந்து "டிட் இல்ல, மேட்"னு வெட்டினா அந்தக் கிளாஸ்ல சொன்ன எல்லாமே பொய்யாயிடும். பேசும்போது கையில ஒரு தாள் வெச்சு குறிச்சுக்கோங்க, முடிஞ்சதும் ஆறு ஏழு வாக்கியத்தை பேர் சொல்லாம போர்டுல எழுதுங்க, அதுல ரெண்டு மூணு ரொம்ப நல்லா வந்த வாக்கியமா இருக்கட்டும். எது சரி எது தப்புன்னு அவங்களே கண்டுபிடிக்கட்டும்.

மொழி கத்துக்கறவங்களோட தப்பை பிட் கார்டர்ங்கற மொழியியல் அறிஞர் 1967லயே ரெண்டா பிரிச்சார். தெரிஞ்சும் வாய் தவறி வர்றது மிஸ்டேக், விதியே இன்னும் மனசுல உருவாகாததால வர்றது எர்ரர். இதைக் கண்டுபிடிக்க நான் பண்றது ஒண்ணுதான்: அந்த வாக்கியத்தைக் காட்டி "திரும்ப சொல்லுங்க"ன்னு மட்டும் கேப்பேன். அவங்களா திருத்திட்டா மிஸ்டேக், விட்டுடலாம். முழிச்சா எர்ரர், அதுதான் அடுத்த கிளாஸுக்கு நான் தயார் பண்ண வேண்டிய பாடம். இதை ஸ்டூடெண்ட்ஸுக்கும் சொல்லிடுங்க, தப்புன்னாலே அவமானம்னு நினைச்சு வந்தவங்க முகம் கொஞ்சம் இளகும்.

எட்டாவது படி: எழுத்து, அப்புறம் திரும்பப் பார்க்கறது

மெலனி ஸ்டெஃபான்ங்கற விஞ்ஞானி 2010ல நேச்சர் இதழ்ல ஒரு யோசனை சொன்னாங்க, கிடைக்காத வேலை, நிராகரிச்ச விண்ணப்பம் எல்லாத்தையும் சேர்த்து ஒரு தோல்வி ரெஸ்யூமே எழுதி வெச்சுக்கோங்கன்னு. 2016ல பிரின்ஸ்டன் பேராசிரியர் ஜொஹானஸ் ஹவுஸ்ஹோஃபர் தன்னோடதை இணையத்துல போட்டு அது உலகம் முழுக்க பரவுச்சு. வீட்டுப்பாடமா இதுல ஒரு சின்ன வடிவம் குடுங்க: அஞ்சு வரி, ஒவ்வொண்ணுலயும் முயற்சி பண்ணின ஒரு விஷயம், என்ன ஆச்சு, கடைசியில "யெட்" போட முடியுமா முடியாதா. உங்ககிட்ட காட்டணும்னு கட்டாயப்படுத்தாதீங்க. ரெண்டு வரி மட்டும் காட்டட்டும், எதைக் காட்டறதுன்னு அவங்களே தேர்ந்தெடுக்கட்டும்.

மேல் லெவல்ல இருக்கறவங்களுக்கு ஒரு பத்தி: "டன் இஸ் பெட்டர் தன் பெர்ஃபெக்ட்", ஒத்துக்கறீங்களா? எந்த வேலையில ஒத்துக்க மாட்டீங்க? ரெண்டாவது கேள்வி முக்கியம், ஆபரேஷன் பண்ற டாக்டர் வந்துடுவார், பாலம் கட்டற இன்ஜினியர் வந்துடுவார், அப்பதான் வாதம் ஆழமாகும்.

ஆன்லைன் கிளாஸ்னா வட்டத்தை கேமராவுக்கு முன்னாடி காட்டச் சொல்லுங்க, ஏணிக்கு எல்லாரும் எடிட் பண்ற மாதிரி ஒரு ஷேர்ட் ஸ்லைடு போதும். ஒரே ஒரு ஸ்டூடெண்ட்தான்னா அவரும் நீங்களும் தனித்தனியா ஏணி போட்டு ஒப்பிடுங்க.

கடைசியா ரிவிஷன். ஏணி போட்ட போர்டை அன்னைக்கே போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. அடுத்த கிளாஸ் ஆரம்பத்துல அஞ்சு நிமிஷம், ஒரு வாரம் கழிச்சு அஞ்சு நிமிஷம், ஒரு மாசம் கழிச்சு அஞ்சு நிமிஷம். வெறும் கோட்டை மட்டும் போட்டு, ரெண்டு முனையும் காலியா விட்டு, சீட்டு எதுவும் குடுக்காம ஞாபகத்துல இருந்து வார்த்தைங்களை ஏத்தச் சொல்லுங்க. எல்லாரும் ஏத்தினதுக்கு அப்புறம் பழைய போட்டோவைக் காட்டுங்க, விட்டுப்போன வார்த்தைங்க எதுன்னு பார்த்து அதுல மட்டும் ஆளுக்கு ஒரு வாக்கியம், அந்த வாரம் தனக்கு நடந்ததை வெச்சு.